கோடு கிழித்த எண்

எங்கள் துப்பாக்கி கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். 78 வயது. ஒஹாயோவின் இந்தப் பக்கத்தில் ஒரு பட்டறையில் நாற்பது வருடம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, காப்பி ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டே சொன்னார்: "தோள் தாங்கவில்லை. மோசினைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். உனக்கு வேண்டுமா?"

மோசின் என்பது பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள். அவர் சொன்னது சாதாரண மோசின் இல்லை. 1943ல் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்த 91/30, தோட்டாவை ஏற்றிப் பூட்டும் போல்ட்டுக்கு வளைந்த கைப்பிடி, மேலே 3.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பியு ஸ்கோப். தூரத்தில் மறைந்திருந்து குறி பார்த்துச் சுடுபவர்களுக்கான சோவியத் ஸ்னைப்பர் ரைஃபிள். விலை 1,350 டாலர்.

நான் ஒரு வாரம் தூங்கவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் இரண்டு நாள் தூங்கவில்லை.

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். எச்-1பி விசாவில் இருந்தவரை இந்த நாட்டில் துப்பாக்கி வாங்குவது எனக்கு நடக்காத காரியம். குடியேற்றம் இல்லாத விசாவில் இருப்பவர்களுக்குத் தடை உண்டு. வேட்டை லைசென்ஸ் எடுத்தால் விலக்கு உண்டு என்பார்கள். நான் மான் சுடுகிற ஆள் இல்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் கிளப்பில் சேர்ந்தேன். கல்லூரியில் என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் ஆளுக்கு ஐந்து ரவுண்டு கொடுப்பார்கள். ஐந்தும் ஒரே இடத்தில் கூடி விழுந்தால் பயிற்சி தரும் உஸ்தாத் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான் பாராட்டு. அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இவ்வளவு வருடம் கழித்தும் குப்புறப் படுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

இங்கே 50 வருடத்துக்கு மேல் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்று தனி லைசென்ஸ் இருக்கிறது. சி அண்ட் ஆர் என்பார்கள். மூன்று வருடத்துக்கு 30 டாலர். விண்ணப்பத்தின் நகல் ஒன்று உள்ளூர் போலீஸ் தலைமைக்கும் போகும். வாங்குவது, விற்பது எல்லாவற்றையும் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். என் புத்தகத்தில் அதுவரை இரண்டே வரி.

ஆசைக்கு இன்னொரு காரணம் கேம்ப் பெர்ரி. ஈரி ஏரிக்கரையில், எங்கள் மாநிலத்திலேயே இருக்கும் சுடுதளம். 1907லிருந்து தேசியப் போட்டிகள் நடக்கும் இடம். அங்கே கோடையில் பழைய ராணுவ ஸ்னைப்பர் ரைஃபிள்களுக்கென்றே ஒரு போட்டி வைக்கிறார்கள். இரண்டு பேர் ஒரு அணி; ஒருவர் சுட, மற்றவர் தொலைநோக்கியில் பார்த்துக் காற்றின் போக்கைச் சொல்ல வேண்டும், பிறகு இடம் மாறிக்கொள்ள வேண்டும். 300 கஜம், 600 கஜம். இலக்கு மேலே வந்து 20 விநாடி நிற்கும், அதற்குள் ஒரு தோட்டா. என் கூட வேலை பார்க்கும் மதுரைக்கார நண்பன் மூன்று வருடமாக "வாடா, போவோம்" என்கிறான். போக ரைஃபிள் வேண்டுமே.

சரி, பெரியவரின் ரைஃபிளுக்கு வருவோம். 1990களில், சோவியத் யூனியன் உடைந்து பழைய ஆயுதங்கள் இங்கே வந்து குவிந்த காலத்தில் ஒரு கண்காட்சியில் வாங்கியிருக்கிறார். விற்றவர் அப்போது சொன்னதை அப்படியே எனக்கும் சொன்னார்: "இது ஸ்டாலின்கிராடில் இருந்த ரைஃபிள்."

அங்கேதான் எனக்கு முதல் உறுத்தல். ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியர்கள் கடைசியாகச் சரணடைந்தது 1943 பிப்ரவரி 2. ரைஃபிளின் குழலில் வருடம் 1943 என்று அடித்திருக்கிறது. ஜனவரி மாதம் இஷெவ்ஸ்கில் செய்து, ரயிலேற்றி, வோல்காக் கரையில் ஒருவன் கையில் கொடுத்து, அவன் சுட்டு முடிப்பதற்குள் சண்டை முடிந்திருக்கும். நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் கதைக்கும் சேர்த்து விலை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

என் அப்புச்சி, அம்மாவழித் தாத்தா, அந்தியூர்ச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போவார். சின்ன வயதில் இரண்டு மூன்று முறை கூடப் போயிருக்கிறேன். தரகர் மாட்டின் பெருமையைப் பேசிக்கொண்டே இருப்பார். அப்புச்சி எதையும் காதில் வாங்காமல் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா. அப்புறம் சுழி. அப்புறம் நடக்கவிட்டுப் பார்ப்பார். எல்லாம் முடிந்தபின்தான் துண்டைப் போட்டுக் கையை மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மோசினுக்கும் பல் இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவே.

இந்த ரைஃபிளின் ஜாதகம் இப்படி. 1891ல் வந்த துப்பாக்கியை 1930ல் திருத்தியதால் 91/30. 1930களில் அதன் ஸ்னைப்பர் வடிவத்துக்கு நான்கு மடங்கு காட்டும் பெரிய ஸ்கோப்களை மாட்டினார்கள். பியு ஸ்கோப்பை முதலில் செய்தது எஸ்விடி-40 என்ற அரைத் தானியங்கி ரைஃபிளுக்காக. மலிவு, சின்னது, சீக்கிரம் செய்ய முடிகிறது என்பதால் 1942லிருந்து அதையே மோசினுக்கும் மாட்டிவிட்டார்கள். ஆகவே குழலில் 1938 என்று போட்ட ரைஃபிளின் மேல் பியு உட்கார்ந்திருந்தால் நாலு கேள்வி கேட்கத்தான் வேண்டும். 1943 என்றால் அந்த வகையில் பழுதில்லை.

அடுத்து எண். ஆலையில் ஒரு ரைஃபிளுக்கு ஒரு ஸ்கோப்பைப் பொருத்தினால், அந்த ஸ்கோப்பின் எண்ணைக் குழலின் அடியில், போல்ட் ஓடும் உலோகக் கூடான ரிசீவருக்குள் நுழையும் இடத்தில், இடப்பக்கம் அடித்துவிடுவார்கள். இரண்டும் ஜோடி என்பதற்கு அதுதான் சாட்சி. போர் முடிந்ததும் சோவியத் ஆயுதக் கிடங்குகள் லட்சக்கணக்கில் ரைஃபிள்களைக் கழற்றி, சுத்தம் செய்து, மரக்கட்டைக்குப் புதிதாக அரக்குப் பூசி, மறுபடி கோத்துக் கிடங்கில் அடுக்கின. அப்போது ஜோடி கலைந்தது. ஸ்னைப்பராகவே வைத்திருக்க நினைத்தவற்றில் பழைய ஸ்கோப் எண்ணைக் கோடு கிழித்துவிட்டு, புது ஸ்கோப்பின் எண்ணைப் பக்கத்தில் அடித்தார்கள். மற்றவற்றில் ஸ்கோப்பை எடுத்துவிட்டு, ரிசீவரின் திருகு ஓட்டைகளை அடைத்துப் பற்றவைத்து, சாதாரணக் காலாட்படை ரைஃபிளாக மாற்றினார்கள். இவற்றை இங்கே "முன்னாள் ஸ்னைப்பர்" என்று அழைப்பார்கள். ஏதோ ஓய்வு பெற்ற ஹவில்தார் மாதிரி.

மூன்றாவதாக ஒரு சாதி உண்டு. ஸ்னைப்பராக ஒருநாளும் இருக்காத ரைஃபிளை எடுத்து, புதிதாக ஓட்டை போட்டு, ஸ்கோப்பைத் தாங்கும், புதிதாகச் செய்த மவுண்டையும் ஸ்கோப்பையும் மாட்டி விடுவது. 2010 வாக்கில் சாதாரண மோசின் 100 டாலருக்குள் கிடைத்த காலத்தில் இந்தத் தொழில் நன்றாக நடந்தது. இப்போது சாதாரண மோசினுக்கே 400 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் துப்பாக்கி, தோட்டா இறக்குமதிக்குப் புது அனுமதி கிடையாது என்று அமெரிக்க அரசு நிறுத்திவிட்டது, இருப்பதை வைத்துத்தான் சந்தை ஓடுகிறது.

பெரியவர் நடக்கவிட்டும் காட்டினார். "முதலில் சுட்டுப் பார், அப்புறம் பேசு" என்று அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்தார்.

கையில் வாங்கினால் முதலில் தெரிவது நீளம். 1.2 மீட்டருக்கு மேல். ஸ்கோப் இடப்பக்க மவுண்டில் உயரமாக நிற்கிறது, அதற்கடியில் சாதாரண இரும்புக் குறியையும் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு என்று தோன்றும், கன்னத்தைக் கட்டையில் வைக்கும்வரை. வைத்தால் ஸ்கோப் கண்ணுக்கு மேலே எங்கோ இருக்கிறது. தலையைத் தூக்கி, முகவாயைக் கட்டையில் ஊன்றிக்கொண்டு, கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டும். பல் டாக்டரிடம் உட்கார்ந்த மாதிரி ஒரு நிலை. பியுவில் பார்வைக்குத் தகுந்த மாதிரி ஃபோகஸ் மாற்றும் வசதியும் இல்லை, ஆகவே கண்ணாடியைக் கழற்ற முடியாது. முதல் தோட்டாவில் ஸ்கோப்பின் விளிம்பு என் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுவிட்டுப் போனது. அதற்கப்புறம் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தேன்.

உள்ளே பார்த்தால் கீழிருந்து கூர்மையான ஒரு கம்பு, இரண்டு பக்கமும் படுத்த கம்பு. மேலே இருக்கும் டிரம்மில் 1 முதல் 13 வரை, நூறு நூறு மீட்டராக. அதைத் திருப்பினால் இந்தக் காலத்து ஸ்கோப் போலக் குறி நடுவிலேயே நிற்காது; கம்பே வட்டத்துக்குள் ஏறி இறங்கும். ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும் கம்பை நம்பிச் சுட மனம் ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரமாகும். ஸ்கோப் குறுக்கே நிற்பதால் ஐந்து தோட்டாக் கிளிப்பை மேலிருந்து அழுத்தி ஏற்றவும் முடியாது, ஒவ்வொன்றாகத் திணிக்க வேண்டும். சேஃப்டி போட போல்ட்டின் பின்குமிழைப் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும். நான் இரண்டு கையாலும் முயன்றேன், பெரியவர் சிரித்தார்.

ஆனால் சுட்டது. பிர்வி பார்ட்டிசான் என்ற செர்பியத் தோட்டா, 100 கஜம், மணல் மூட்டையின் மேல். ஐந்து தோட்டாவும் இரண்டரை அங்குலத்துக்குள். 80 வயதைத் தாண்டிய குழலுக்கு இது நல்ல நடை. உஸ்தாத் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

இதே மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ரோஸா ஷானினா என்ற பெண் 1944ல் போர்முனையில் கிடந்தார். 1945 ஜனவரியில் இறந்தபோது வயது 20. கழுத்தை நீட்டிக்கொண்டு குளிரில் எத்தனை மணி நேரம் கிடந்திருப்பார் என்று நினைத்தேன். எனக்கு ஐந்து தோட்டாவிலேயே பிடரி வலித்தது. மேற்கொண்டு அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

சுட்டு முடித்ததும் "பல்லைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அப்புச்சி கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, காரிலிருந்து தன் திருப்புளிப் பெட்டியை எடுத்துவந்தார். திருகின் தலைக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொன்றின் நுனியையும் அவரே சாணைபிடித்து வைத்திருக்கிறார்.

இடப்பக்கத்துப் பெரிய குமிழைத் திருகினால் மவுண்டும் ஸ்கோப்பும் ஒன்றாகக் கையோடு வந்துவிடும். ரிசீவரில் அடித்தகடு மட்டும் நிற்கும். முதலில் குழலின் அடியைப் பார்த்தேன். கட்டையின் விளிம்பை ஒட்டி, அரக்கும் பழைய கிரீஸும் கருப்பாக அடைத்திருந்தன. பல்குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டியதும் எண் எழுந்துவந்தது. சிரிலிக் என்கிற ரஷ்ய எழுத்து ஒன்று, பின்னால் இலக்கங்கள். அதன் குறுக்கே நேராக ஒரு கோடு. உளியால் வெட்டிய மாதிரி, தீர்மானமான கோடு. பக்கத்தில் வேறு எண் எதுவும் இல்லை.

இது முன்னாள் ஸ்னைப்பர் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஸ்கோப்பின் எண்ணைப் பார்த்தேன். கோடு கிழித்த எண்ணோடு ஒரு இலக்கம்கூடச் சேரவில்லை. ஸ்கோப் அசல்தான், அதன் மேல் போர்க்கால வருடம் தெளிவாக இருக்கிறது. ஆனால் வேறு எங்கிருந்தோ வந்த மாப்பிள்ளை. கட்டையில் அடித்தகடு உட்காருவதற்காக வெட்டிய பள்ளத்தில் அரக்கே இல்லை. பூச்சில்லாத வெறும் மரத்தில் அரத்தின் கோடுகள். சோவியத் கிடங்கில் செதுக்கியிருந்தால் அதன் மேலும் அரக்குப் பூசியிருப்பார்கள்.

சொல்வதா வேண்டாமா என்று அரை நிமிடம் தயங்கினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம், அவர் நம்பிக்கை அப்படியே இருந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் இன்னொருவன் 1,350 கொடுத்து வாங்குவான், அவனுக்கும் அதே ஸ்டாலின்கிராட் கதை போகும். சொல்லிவிட்டேன். "இது அசல் ஸ்னைப்பர்தான். ஆனால் நடுவில் ஒருமுறை வேலையை விட்டுவிட்டது. அப்புறம் யாரோ இங்கே வைத்து மறுபடி வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள்."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அடித்தகட்டின் இரண்டு பெரிய திருகையும் அவரே கழற்றினார். சுலபமாகக் கழன்றன, அதுவே நல்ல சகுனம் இல்லை. இத்தனை வருடத்தில் அந்தத் தகட்டை ஒருமுறைகூடக் கழற்றியதில்லையாம். தகடு வந்ததும் கீழே ரிசீவரின் கறுப்பில் ஓட்டைகளைச் சுற்றி இரண்டு வளையம் தெரிந்தது. நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போல, சற்றே வேறு நிறம். பற்றவைத்த உலோகம் கறுநீலச் சாயத்தை வேறு மாதிரி பிடித்திருக்கிறது. அவர் தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவினார்.

"நல்ல வெல்டிங்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மறுபடி துளை போட்டவன்தான் அவசரக்காரன். மையத்திலிருந்து ஒரு முடி விலகியிருக்கிறான்."

நாற்பது வருடம் லேத் ஓட்டியவர், ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். அதனால்தான் பார்க்கவில்லையோ என்னவோ.

அன்று இரவு நண்பனிடம் போனில் பேசினேன். அவன் வேறு வகை ஆள். "போட்டி விதியில் நகலும் செல்லும்டா. அமெரிக்க ஸ்னைப்பர் ரைஃபிளுக்கு நகல் செய்துகொண்டு எத்தனை பேர் வருகிறார்கள்! 300 கஜத்தில் இருக்கிற இலக்குக்கு எண் பொருந்துகிறதா என்று தெரியுமா?" அவன் சொன்னது சரிதான். சுடுவதற்கு மட்டும் என்றால், கோடு கிழித்த எண்ணால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டரை அங்குலம் இரண்டரை அங்குலம்தான். அசல் ஜோடிக்கு நான் தர நினைத்த அதிகப் பணம் முழுவதும், குழலின் அடியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நாலைந்து இலக்கத்துக்கு.

சேகரிப்பவர்கள் இதைக் கேட்டால் கோபிப்பார்கள். கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆலையில் சேர்ந்த ஜோடி கலையாமல் கிடைப்பது அபூர்வம், அபூர்வத்துக்கு விலை உண்டு. ஆனால் என் கண்ணுக்கு இந்த ரைஃபிளில் பொய் என்று எதுவும் இல்லை. 1943ல் ஸ்னைப்பராகப் பிறந்தது. போருக்குப் பின், தேவையில்லை என்று யாரோ ஒரு தொழிலாளி ஓட்டையை அடைத்தான், நன்றாகவே அடைத்தான். பிறகு ஒஹாயோவிலோ வேறெங்கோ ஒருவன் அவசரமாகத் திறந்தான். எல்லாமே அதன் மேல் எழுதியிருக்கிறது. பொய் சொன்னது கண்காட்சியில் விற்றவர் மட்டும். அவருக்குத் தெரிந்தே சொன்னாரா என்பதும் எனக்குத் தெரியாது.

ஆக, என்ன விலை தகும்? நான் போட்ட கணக்கு: ரைஃபிளுக்குச் சாதாரண மோசினின் விலை. அசல் பியு ஸ்கோப்புக்குத் தனியாக ஒரு தொகை, அது எந்த ரைஃபிளில் இருந்தாலும் அசல்தான். மவுண்ட் புதிதாகச் செய்தது, அதற்குக் கொஞ்சம். துளை விலகியதற்குக் கழிவு. அந்த முடியளவு விலகலால் மவுண்ட் இடவலத்தில் சற்றுத் திரும்பி நிற்கிறது. தகடு வைத்தோ அராவியோதான் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் கம்பு எப்போதும் மூலையில்தான் நிற்கும். எல்லாம் கூட்டிக் கழித்தால் 850 வந்தது.

அடுத்த சனிக்கிழமை பெரியவர் முந்திக்கொண்டார். "1,350 கேட்க மாட்டேன். நீயே சொல்." கையில் துண்டு இல்லை. வாயால்தான் சொன்னேன். 800.

"900" என்றார். பிறகு காரின் டிக்கியைத் திறந்து, பச்சை வண்ணம் அடித்த தகர டப்பா ஒன்றைக் காட்டினார். இன்னும் திறக்காத பழைய ராணுவத் தோட்டா, 440. தோட்டாவில் தீ மூட்டும் பிரைமரில் இருக்கும் உப்பு குழலில் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஆனால் இன்றைக்குச் சந்தையில் அது கிடைப்பதே அரிது. "தோள் இல்லாதவனுக்கு இது எதற்கு? இதையும் எடுத்துக்கொள். மவுண்டுக்குத் தகடு நான் வெட்டித் தருகிறேன்."

சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். தேதி, யாரிடம் வாங்கியது, செய்த ஆலை, வரிசை எண், குழல் அளவு எல்லாம் எழுதியாகிவிட்டது. மாடல் என்ற கட்டத்தில் பேனா நின்றது. முதலில் "91/30 ஸ்னைப்பர்" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஸ்னைப்பர் என்பதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு கிழித்தேன்.